விதியும் புறனடையும்

"விதி விதிதான்" என்னும் கூற்றைக் கேட்டறியாதார் நம்மிடையே இலர். அலுவலகச் சாளரத்துக்கு அப்பாலிருந்தும், பரீட்சை மண்டபத்தின் வாயிலிலிருந்தும், விடுதிப் பொறுப்பாளரின் மேசையிலிருந்தும் அது நாள்தோறும் எழுகின்றது. கூறியவர் தமது கடமை நிறைவெய்திவிட்டதென அமைதியடைகிறார். கேட்டவர் மேலே பேச வகையின்றித் திரும்பிச் செல்கிறார். இக்கூற்றில் அடங்கியிருப்பது நேர்மைதானா, அன்றி நேர்மையின் வேடம் பூண்ட சோம்பலா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எனது துணிபை முதற்கண்ணே கூறிவிடுகின்றேன். விதியைப் பின்பற்றுதல் என்பது எக்காலத்தும் விதிக்குப் பொருள்கொள்ளுதலை உள்ளடக்கியதாகும். பொருள்கொள்ளுதற்கு ஓர்ந்து துணியும் மதி வேண்டும். "நான் எனது மதியைப் பயன்படுத்தவில்லை, விதியையே பின்பற்றினேன்" என்று கூறுபவரும் உண்மையில் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்தே இருக்கிறார். அத்தெரிவின் பொறுப்பை மட்டுமே அவர் ஏற்க மறுக்கிறார். இவ்வாறு பொறுப்பை உதறுதல் நமது அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் ஓர் ஒழுக்கமாகவே போற்றப்படுவதை நான் வன்மையாக மறுக்கின்றேன்.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சி

2023 ஆம் ஆண்டிலே நேரிற் கண்டதொன்றைக் கூறுகின்றேன். இடத்தையும் ஆட்களையும் பெயர்சுட்டப் போவதில்லை; இது ஓரிடத்துக்கு மட்டும் உரிய நோயன்று. பல்கலைக்கழகமொன்றின் பாடநெறியொன்றில், விரிவுரைகளுள் 80 வீதமானவற்றுக்குச் சமுகமளித்தோரே பரீட்சைக்குத் தோற்றலாம் என்பது விதி. நோயுற்றோர் உரிய மருத்துவச் சான்றிதழைச் சமர்ப்பித்தால் விலக்கு உண்டு. மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்த மாணவி ஒருத்தியின் வரவு 76 வீதமாயிற்று. தாய் நோயிற் படுத்தபோது, பார்ப்பதற்கு வேறெவருமில்லாத லயன் அறைக்குச் சென்று இரண்டு வாரங்கள் அவள் தங்கியிருந்தாள். திரும்பி வந்தபின் நடந்ததை நடந்தவாறே கடிதமாக எழுதிக் கொடுத்தாள். வைத்தியசாலைத் துண்டையும் இணைத்திருந்தாள். அத்துண்டிலே தாயின் பெயர் இருந்தது. விதியோ மாணவரின் நோயை மட்டுமே குறித்தது. அவளது விண்ணப்பம் மறுக்கப்பட்டது.

அதே வகுப்பில் 70 வீத வரவும் இல்லாத மாணவன் ஒருவன், தெரிந்தவர் மூலம் பெற்ற சான்றிதழொன்றைச் சமர்ப்பித்துப் பரீட்சைக்குத் தோற்றினான். அவனைப் பீடித்திருந்த நோய் யாதென்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவ்வாரங்களில் அவன் துடுப்பாட்டப் போட்டிகளில் விளையாடிக்கொண்டிருந்தான்.

உண்மை கூறியவள் மண்டபத்துக்கு வெளியே நின்றாள். பொய் கூறியவன் உள்ளே இருந்து எழுதினான். விதி எவ்விடத்தும் மீறப்படவில்லை. எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட்டது. அவளுக்காகப் பேசச் சென்ற எங்களிடம் அலுவலர் ஒருவர், விதியை எழுதியவர் தாமல்லர் என்றும், எழுதியிருப்பதைச் செய்வதே தமது கடமை என்றும் கூறினார். அவர் கொடியவரல்லர். அம்மாணவிக்காக வருந்தவும் செய்தார். ஆனால் அவ்வருத்தம் தமது தொழிலுக்குப் புறம்பானதென்று அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

அவ்விதி எதன்பொருட்டு இயற்றப்பட்டது? விரிவுரைகளை அலட்சியம் செய்வோரைத் தடுப்பதற்கென்றே இயற்றப்பட்டது. அம்மாணவி அலட்சியம் செய்தவளா? விலக்கு எதன்பொருட்டு வைக்கப்பட்டது? தவிர்க்கவியலாத காரணத்தால் வராதோரைக் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது. அவளது காரணம் தவிர்க்கக்கூடியதா? இவ்விரு வினாக்களையும் எவரும் எழுப்பவில்லை. "நோய்" என்ற சொல்லுக்கு "மாணவரின் உடல்நோய்" என்னும் பொருளை ஒருவர் தெரிந்தெடுத்தார். அத்தெரிவும் மதியின் செயலே, பிழைபட்ட செயல். இன்னுமொன்று. விலக்கை எழுதியவரின் மனக்கண்ணில் இருந்தது எவ்வகை வீடு? தாய் நோயுற்றால் தந்தையோ உறவினரோ ஊதியம் பெறும் பணியாளரோ பார்த்துக்கொள்ளும் வீடு. கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குக் கூலியில்லாத வீட்டை அவர் நினைத்திலர். விதிகள் வானத்திலிருந்து விழுவனவல்ல. குறித்த வாழ்க்கை நிலையிலுள்ளோர், தாம் அறிந்த வாழ்க்கையை மனங்கொண்டு அவற்றை எழுதுகின்றனர். எழுதியோரின் அனுபவத்துக்கு அப்பாற்பட்ட மனிதர் ஒருவர் வாயிலில் வந்து நிற்கும்போது, விதியைக் கையாள்பவரின் மதி விழித்திருத்தல் வேண்டும்.

இலக்கணம் கற்பிக்கும் பாடம்

தமிழ் பயிலும் மாணவர்களாகிய நமக்கு இவ்வுண்மையை அயலிலிருந்து எவரும் கொணர்ந்து தரவேண்டியதில்லை. நமது இலக்கண நூல்களே இதனைப் போதிக்கின்றன. தொல்காப்பியத்தின் இயல்கள் பலவற்றின் இறுதியிலே புறனடைச் சூத்திரம் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். ஈண்டுக் கூறப்பட்டவையன்றி வேறுபட்டுத் தோன்றுவன உளவாயின், வழக்கையும் செய்யுளையும் நோக்கி, கூறியவற்றின் நெறியிலே அவற்றையும் அமைத்துக்கொள்க என்பது அத்தகைய சூத்திரங்களின் கருத்து. விதிகளை வகுத்த ஆசிரியனே தனது விதிகள் முற்றுப்பெற்றவையல்ல என்று ஒப்புக்கொள்கிறான். எஞ்சியதை நிரப்பும் பொறுப்பைக் கற்போனிடம் ஒப்படைக்கிறான். ஆயினும் மனம்போனவாறு நிரப்புமாறு அவன் கூறவில்லை. கூறப்பட்டவற்றின் நெறியை விட்டு விலகாமல் நிரப்புமாறே பணிக்கிறான்.

வழு, வழாநிலை என்னும் இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என்னும் மூன்றாவதொன்றையும் நம் இலக்கணகாரர் வகுத்தமை சிந்திக்கத்தக்கது. பசுவொன்றை உவப்பினாலே தாயென அழைக்கும் ஒருவனின் கூற்று, திணையிலக்கணத்தின்படி வழுவாகும். ஆயினும் அவனது உள்ளக்கிடக்கையை நோக்கி இலக்கணம் அதனை அமைத்துக்கொள்கிறது. அஃறிணையை உயர்திணையாக்கிய காரணத்தைக் கேட்டறிந்த பின்னரே அது தீர்ப்புக் கூறுகிறது. எழுத்தையும் சொல்லையும் ஆளும் விதிகளுக்கே இவ்வளவு கண்ணோட்டம் வேண்டுமெனின், மனிதரின் ஓராண்டுக் கல்வியை ஆளும் விதிக்கு எவ்வளவு வேண்டும்?

கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டோட்டிலும் தமது ஒழுக்கவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் இதனையே வேறோர் உவமையாற் கூறினார். சட்டம் பொதுவாகவே பேசவல்லது. மனிதச் செயல்களோ தனித்தனி இயல்பின. ஆகவே சட்டத்தின் பொதுமையால் நேரும் குறையை, சட்டமியற்றியவர் அவ்விடத்தில் இருந்திருப்பின் எவ்வாறு நிரப்பியிருப்பாரோ அவ்வாறு நிரப்புதலே உயர்ந்த நீதி என்பது அவர் கொள்கை. லெஸ்பொஸ் தீவின் கட்டடக்காரர் பயன்படுத்திய ஈய அளவுகோலை அவர் எடுத்துக்காட்டுகிறார். அது கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து கொடுக்கும். வளைந்தபோதும் அது அளவுகோலே.

கொலைக்களமும் தேர்க்காலும்

விதியை எழுத்தளவிற் பின்பற்றுவதன் விளைவைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை போல உணர்த்தும் பிறிதொன்று தமிழிலக்கியத்தில் அரிது. சிலம்பு கள்வனிடம் காணப்படின் அவனைக் கொன்று அதனைக் கொண்டுவருமாறு பாண்டியன் ஆணையிட்டான். சென்ற காவலர் கோவலனைக் கண்டனர். கண்டவுடன், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்ற ஐயம் அவர்கள் உள்ளத்தே எழுந்தது. அந்தக் கணத்தில் அவர்களது மதி சரியாகவே தொழிற்பட்டது. பொற்கொல்லன் என்ன செய்தான்? களவு நூலை எடுத்துரைத்தான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலாகக் கள்வர் கைக்கொள்ளும் வழிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். கண்முன் நின்ற மனிதனைப் பற்றிய காவலரின் கணிப்பு, நூலின் முன்னே ஒடுங்கிற்று. தயங்கியோர் தயங்கிக்கொண்டே நிற்க, சிந்திக்கும் பழக்கமே இல்லாத ஒருவன் வாளை வீசினான்.

இக்காட்சியிலே நான் கவனிப்பது அந்த மூர்க்கனை அன்று. ஐயமுற்றும் தடுக்காது நின்ற மற்றவர்களையே கவனிக்கின்றேன். இவனை அரசனிடம் கொண்டுசென்று விசாரிப்போம் என்று அவர்களுள் ஒருவன் சொல்லியிருப்பின் மதுரை எரிந்திராது. அரசனின் நோக்கம் கள்வனைத் தண்டிப்பது. கள்வனல்லாதவனைக் கொல்லுதல் அந்நோக்கத்துக்கே மாறானது. ஆணையின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கொன்றனர் காவலர்.

இவ்விடத்தில் மனுநீதிச் சோழனை மறுமொழியாக எடுத்துக் கூறுவாருளர். பெற்ற மகனுக்கும் விலக்களியாது விதியை நிறைவேற்றியவன் என்று மேடைகளில் அவன் போற்றப்படுகிறான். பெரியபுராணத்தை ஊன்றிப் படித்தோர் இவ்வாறு கூறார். பசுவதைக்கு மறை வல்லோர் விதித்த கழுவாய் உண்டு, அதனைச் செய்விப்பதே முறை என்று கூறியவர்கள் அமைச்சர்கள். வகுத்த விதியைச் சுட்டி நின்றவர்கள் அவர்களே. கன்றையிழந்த பசுவின் துயரத்தை அக்கழுவாய் மாற்றுமா என்று வினவி, அவ்விதி அவ்விடத்துக்குப் போதாதெனத் தன் மதியால் துணிந்தவன் அரசன். மகனைத் தேர்க்காலிலிட்ட தீர்ப்பு சரியா என்று நாம் வழக்காடலாம். கட்டளையை நிறைவேற்ற மனமின்றித் தன்னுயிரை விட்ட அமைச்சனுக்காக இரங்கவும் செய்யலாம். ஆனால் ஆராய்ச்சி மணியைக் கட்டிய அரசனை, ஆராயாமற் செயற்படுவோர் தமக்குத் துணையாக அழைத்தல் பொருந்தாது.

நீதிமன்றத்தில் நிகழ்ந்தவை

இலக்கியச் சான்றுகள் நடைமுறைக்கு உதவா என்பார்க்கு இந்நாட்டு நீதிமன்ற வரலாற்றிலிருந்தே இரு வழக்குகளைக் காட்டலாம்.

முதலாவது 1937 ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் வழக்கு. தேயிலைத் தோட்டத் தொழில் பயில அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்று லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். தேசாதிபதியாகிய சேர் ரெஜினோல்ட் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்துமாறு ஆணையிட்டார். ஆணைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1896 ஆம் ஆண்டின் அரச கட்டளை. குறித்த வாசகத்தைத் தனியே எடுத்துப் படிப்பின், தாம் விரும்பிய எவரையும் வெளியேற்றத் தேசாதிபதிக்கு அதிகாரமுண்டு என்றே தோன்றும். தலைமறைவாகிய பிரேஸ்கேர்டில் காலிமுகத்திடற் கூட்டத்தில் வெளிப்பட்டார், பின்னர் கைதானார், ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்சும் உடனிருந்த நீதியரசர்களும் அவ்வாசகத்தைத் தனியே படிக்க மறுத்தனர். அது எத்தகைய நிலைமைக்காக இயற்றப்பட்டது என்று நோக்கினர். நெருக்கடிநிலைக்குரிய அதிகாரத்தை அமைதிக் காலத்தில், பேச்சுக்காக ஒருவர்மீது பிரயோகிக்கவியலாது என்று தீர்த்து அவரை விடுவித்தனர். குடியேற்ற ஆட்சியால் நியமிக்கப்பட்ட நீதியரசர்களே அவ்வாட்சியின் தலைவருக்கெதிராக இவ்வாறு பொருள்கொண்டனர். "எழுதியிருப்பதைச் செய்கிறோம்" என்று அவர்கள் கூறியிருப்பின் ஒருவரும் குறைகூறியிருக்கமாட்டார்.

இரண்டாவது கோடீஸ்வரன் வழக்கு. 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள உயர்ச்சி இல்லையெனத் திறைசேரிச் சுற்றுநிருபம் ஒன்று 1961 இல் வெளிவந்தது. எழுதுவினைஞரான கோடீஸ்வரன் அத்தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவரது உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சிறுபான்மையினருக்குக் காப்பளித்த அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு அச்சட்டம் முரணானது என்பது அவர் முடிபு. 1967 இல் உயர் நீதிமன்றமோ அவ்வினாவையே தொடவில்லை. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மீது வழக்குத் தொடுக்கவியலாது என்ற வாயிற்படியிலேயே வழக்கைத் தள்ளிவிட்டது. 1969 இல் கோமறைக் கழகம் அவ்வாயிற்படியை அகற்றி, மூல வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அதற்கு விடை கிடைக்குமுன் 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்தது. 29 ஆம் பிரிவும் மறைந்தது.

ஓர் இனத்தின் வாழ்வோடு தொடர்புற்ற வினாவொன்றுக்கு விடை கூறாதிருக்க ஒரு நடைமுறை விதி போதுமானதாயிற்று. கதவைத் திறப்பதற்கும் விதியுண்டு, அடைப்பதற்கும் விதியுண்டு. எதனைத் தெரிவது என்பது தெரிபவரின் மதியைப் பொறுத்தது. பிரேஸ்கேர்டில் வழக்கின் நீதியரசர்கள் அதனை வெளிப்படையாகச் செய்தனர். மற்றவர்கள் செய்யவில்லை என்று காட்டிக்கொண்டு செய்தனர்.

எதிர்வாதம்

இனி, எதிர்த்தரப்பாரின் வலிமை வாய்ந்த வாதத்தை மறைக்காது எடுத்துரைப்போம். ஒவ்வோர் அலுவலரும் தத்தம் மதிப்படி விதிக்குப் பொருள்கூறத் தொடங்கின் என்னாகும்? உறவும் ஊரும் சாதியும் கட்சியும் உள்ளே நுழையும். அமைச்சரின் கடிதம் கொண்டுவருவோனுக்கு ஒரு பொருள். ஏழைக்கு வேறொரு பொருள். செல்வாக்கற்றோனுக்கு ஒரேயொரு பாதுகாப்பு, எல்லோர்க்கும் ஒன்றேயான எழுத்து. அதனையும் நெகிழ்த்துவது அவனையே கைவிடுவதாகும் என்பர்.

இவ்வாதத்தை நான் இலேசாக எண்ணவில்லை. நமது நாட்டின் நிலையை அறிந்த எவரும் எண்ணார். உலக வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 1941 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையின் முன் லிவர்சிட்ஜ் என்பாரின் தடுப்புக்காவல் வழக்கு வந்தது. நியாயமான காரணம் இருப்பின் ஒருவரைத் தடுத்துவைக்கலாம் என்பது யுத்தகால ஒழுங்குவிதி. காரணம் உண்டென அமைச்சர் கருதினால் அதுவே போதும் என்று நால்வர் அதற்குப் பொருள்கொண்டனர். சொற்களுக்கு அவற்றின் இயல்பான பொருளே உண்டு, காரணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும் என்று தனித்து நின்றவர் அற்கின் பிரபு ஒருவரே. அவர் பக்கமே நியாயம் என்பதை அதே சபை 1979 ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. அவ்வழக்கில் விதியை வளைத்தோர் அதிகாரத்துக்காக வளைத்தனர். எழுத்தைப் பற்றி நின்றவரே சுதந்திரத்தைக் காத்தார்.

ஆயின், இதிலிருந்து பெறப்படும் முடிபு யாது? மதியை ஒழித்துவிட வேண்டும் என்பதா? அற்கின் பிரபு மதியைப் பயன்படுத்தாமலா தனித்து நின்றார்? நால்வரோடு ஐந்தாமவராக இருந்துவிடுவதன்றோ எளிது! மேலும், எழுத்தின் இறுக்கம் ஏழையைக் காக்கிறது என்னும் கூற்று நடைமுறையில் எவ்வளவு உண்மை? முன்னர்க் கூறிய மாணவியை நினைவுகூருங்கள். இறுகிய விதியின் பொந்துகளைச் செல்வாக்குள்ளோர் நன்கறிவர். சான்றிதழ் எங்கே கிடைக்கும், எக்கடிதம் எவரிடம் செல்லவேண்டும் என்பன அவர்களுக்குத் தெரியும். எழுத்தோடு மோதி நிற்பவர் எழுத்தையன்றி வேறொன்றுமறியாதவரே. ஒருதலைப்பட்சம் நமது அலுவலகங்களில் இன்று இல்லாததன்று. அது பேசாமல் நடைபெறுகின்றது. பேசாமல் நடைபெறுவதாற்றான் அதனைக் கேள்விகேட்க முடியாதிருக்கிறது.

ஆகவே மதியைத் தன்விருப்பத்தினின்றும் பிரித்தறிதல் வேண்டும். அதற்கு மூன்று உரைகற்களைக் கூறுவேன். முதலாவது, விதியினின்றும் விலகியோ அதனை விரித்தோ தீர்மானிப்பவர் தமது காரணத்தைக் கோவையில் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். எழுதக் கூசும் காரணம் காரணமன்று. இரண்டாவது, அதே நிலையில் நாளை வரும் முகமறியாத ஒருவருக்கும் அதே தீர்ப்பை வழங்க அவர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். தாய்க்குப் பணிவிடை செய்த மாணவிக்கு அளிக்கும் விலக்கு, அந்நிலையிலுள்ள ஒவ்வொருவருக்கும் உரியதாகும். மூன்றாவது, விதி யாரைக் காக்க எழுந்ததோ அவர்பக்கம் நெகிழலாம். அதிகாரம் படைத்தோனின் கையை மேலும் நீட்டுவதற்காக நெகிழலாகாது. இவ்வுரைகற்களில் உரைத்தால் பிரேஸ்கேர்டில் தீர்ப்புத் தேறும். லிவர்சிட்ஜ் தீர்ப்புத் தேறாது. அமைச்சரின் கடிதம் தேறவே தேறாது.

மதியின் எல்லை

மதிக்கும் எல்லையுண்டு என்பதை மறத்தலாகாது. தேசவழமையை நோக்குவோம். யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டளவில் தொகுப்பித்துப் பன்னிரண்டு முதலியார்களைக் கொண்டு சரிபார்த்தனர். 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். வழங்கிவந்த வழக்கு எழுத்தாயிற்று. வாழ்வோ மாறிக்கொண்டே சென்றது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண் தனது அசைவற்ற சொத்தைக் கணவனின் எழுத்துச் சம்மதமின்றிக் கைமாற்றவியலாது என்று விதித்தது. அதே சட்டம், கணவன் கைவிட்டுச் சென்றாலோ, அவன் இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று ஒரு வழியையும் வைத்தது. இது சட்டத்தினுள்ளே வைக்கப்பட்ட புறனடை எனலாம்.

2009 இல் யுத்தம் முடிவுற்றபின், கணவனின் கதியறியாத பெண்கள் எத்தனையோ பேர் வடக்கிலே வாழ்கின்றனர். தன் தாயார் சீதனமாகக் கொடுத்த காணியை விற்க அத்தகைய பெண் நீதிமன்றப் படியேற வேண்டியுள்ளது. நல்ல நீதிபதி அவளுக்கு வழிகாட்டுவார் என்பது உண்மையே. ஆயினும், நல்ல நீதிபதி ஒருவர் கிடைப்பதன்மீது அவளது உரிமை தங்கியிருத்தல் நீதியாகுமா? இங்கே விதிக்குப் பொருள்கூறுதல் போதாது. விதியையே மாற்றுதல் வேண்டும். கருணையுள்ள விளக்கத்தால் தாங்கப்பட்டுத் தீயவிதி நீடித்து வாழ்ந்துவிடக்கூடும் என்பதையும் நாம் எச்சரிக்கையோடு நோக்கவேண்டும். ஒரே விலக்கை மீண்டும் மீண்டும் வழங்க நேரிடின், அது விதியைத் திருத்துமாறு காலம் இடும் கட்டளையாகும்.

நம்மை நோக்கி

இதுவரை நிருவாகத்தையும் நீதிமன்றத்தையும் நோக்கி விரல் நீட்டினேன். இனி அவ்விரலை மாணவராகிய நம்பக்கம் திருப்புவேன். அன்றேல் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

விதியை ஆராயாது பின்பற்றும் அலுவலரை எள்ளும் நாம், பல்கலைக்கழகத்துட் புகுந்த முதல் வாரத்திலேயே எழுதப்படாத விதிகள் எத்தனைக்குத் தலைவணங்கினோம்! இன்ன உடையே உடுத்தவேண்டும், இன்ன வழியால் நடக்கலாகாது, சிரேட்ட மாணவரை இன்னவாறே விளிக்கவேண்டும் என்பன யார் இயற்றிய பிரமாணங்கள்? 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. நாட்டின் சட்டத்தைப் புறக்கணிக்கும் துணிவு நமக்குண்டு. சிரேட்டரின் சொல்லைப் புறக்கணிக்கும் துணிவு இல்லை. ஏன் செய்தாய் என்று அடுத்த ஆண்டிலே நம்மைக் கேட்டால் நாம் கூறும் விடை யாது? "எங்களுக்கும் அவ்வாறே செய்தார்கள், வழமை அதுதான்." அலுவலக மேசையிலிருந்து எழும் "விதி விதிதான்" என்னும் கூற்றுக்கும் இவ்விடைக்கும் என்ன வேறுபாடு? பட்டம் பெற்று நாளை அம்மேசைகளில் அமரப்போகின்றவர்கள் நாமே. இன்று சிரேட்டரின் வழமைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கற்றவர், நாளை சுற்றுநிருபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். பழக்கம் ஒன்றே.

நமது விரிவுரையாளர்களுக்கும் பணிவோடு ஒன்று கூறவேண்டியுள்ளது. குறிப்பிற் கொடுத்ததை அவ்வாறே திருப்பி எழுதுவோருக்குப் புள்ளியும், ஏனென்று வினவி வேறுவழியிற் சென்று தக்க முடிபை அடைவோருக்கு ஐயமும் வழங்கும் மதிப்பீட்டு முறை, மதியுள்ள அலுவலரை எங்ஙனம் உருவாக்கும்? புள்ளித்திட்டத்தில் இல்லாத சரியான விடையொன்றைக் கண்டு, பேனாவை நிறுத்திச் சிந்திக்கும் ஆசிரியர் தம் மாணவருக்கு ஆண்டு முழுவதும் ஆற்றும் விரிவுரைகளிலும் மேலானதொரு பாடத்தைக் கற்பிக்கிறார். அத்தகையோர் நம்மிடையே உளர். அவர்கள் எண்ணிக்கை பெருகவேண்டும் என்பதே வேண்டுகோள்.

விதிகள் வேண்டாம் என்று எவ்விடத்தும் நான் கூறவில்லை. விதியற்ற இடத்தில் வலியோன் விருப்பமே விதியாகும் என்பதை அறிவேன். விதியை மெய்யாக மதிப்பவனே அதன் நோக்கத்தை வினவுவான். தொல்காப்பியனார் விதிகளை வகுத்தபின் புறனடையையும் எழுதிவைத்தார். அதனால் அவரது இலக்கணம் சிதையவில்லை. அது நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் அதுவும் ஒன்று என்பேன்.

அம்மாணவி அடுத்த தொகுதியினரோடு அப்பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தாள். அவளது பட்டம் ஓராண்டு பிந்திற்று. அவ்வோராண்டுச் சம்பளத்தை எதிர்நோக்கியிருந்த குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு எந்தக் கோவையிலும் பதியப்படவில்லை. அவளது கடிதம் மட்டும் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கக்கூடும். அதன் ஓரத்திலே "விதிப்படி மறுக்கப்பட்டது" என எழுதியவர், மறுத்தவர் இன்னார் என்று எழுதவில்லை. அவ்விடத்திலே தமது பெயரை எழுதத் துணியும் அலுவலர்களாக நாம் வெளியேறுவோமாக.